கியூரிங், சீசனிங்: இரண்டுக்கும் ‘பதப்படுத்தல்’தானா?

வணக்கம்.

கட்டுமானச் சொற்பட்டியலில் கான்கிரீட் கியூரிங், மர சீசனிங் இரண்டுக்குமே ‘பதப்படுத்தல்’ என்று இருக்கிறது. இரண்டும் நேரெதிர் வேலைகள். மரத்திலிருந்து ஈரத்தை வெளியேற்றுகிறோம். கான்கிரீட்டில் இருக்கும் ஈரத்தைப் போகவிடாமல் பிடித்து வைக்கிறோம். ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவர் கான்கிரீட்டையும் காயவிட வேண்டும் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

சிமென்ட் காய்ந்து கெட்டியாவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து கெட்டியாகிறது. முழுக்க வினைபுரிய அதன் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு நீர் வேண்டும். வெயிலும் காற்றும் மேற்பரப்பு நீரை இழுத்துவிட்டால் வினை அங்கேயே நின்றுபோகும். உள்ளே கெட்டி, மேலே தேய்த்தால் மாவு. கூடவே மயிரிழை வெடிப்புகள். கியூரிங்குக்கு ‘நீராற்றல்’ என்று வைக்கலாமா?

---

> ‘நீராற்றல்’ என்று வைக்கலாமா?

வேண்டாம் ஐயா. அதைப் படித்ததும் அணையும் மின்சாரமும்தான் நினைவுக்கு வரும். புண்ணை ஆற்றுவது போல என்று நீங்கள் எண்ணியிருக்கலாம், ஆனால் சொல்லைப் பார்த்தால் அது தெரியவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லா கியூரிங்கிலும் தண்ணீர் ஊற்றுவதில்லை. மேலே கசிந்து நிற்கும் நீரின் பளபளப்பு மறைந்ததும் மெழுகுக் கரைசலைத் தெளித்து மூடிவிடுவதும் கியூரிங்தான். (அதே பரப்பில் பிறகு பூச்சு வேலை இருந்தால் இது ஆகாது, சாந்து ஒட்டாது.) பாலித்தீன் விரிப்பால் மூடுவதும் அப்படியே. ஆக, சொல்லில் நீரை ‘விடுவது’ வரக்கூடாது, காப்பது வரவேண்டும். ‘ஈரக்காப்பு’?

---

நீர்க்காப்பு என்றால் நீரிலிருந்து காப்பு. தீக்காப்பு என்றால் தீயிலிருந்து காப்பு. அந்த வரிசையில் ஈரக்காப்பைச் சுவரில் ஓதம் ஏறாமல் தடுப்பது என்றுதான் படிப்பார்கள். பொருள் தலைகீழாகிவிடும்.

‘ஈரம்பேணல்’ என் பரிந்துரை. வேலைக்குறிப்பில் போட்டு ஓட்டிப் பார்க்கிறேன்:

“அழுத்தினால் தடம் பதியாத அளவுக்குத் தளம் இறுகியதும் ஈரச்சாக்கு விரிக்கவும். மறுநாள் பாத்தி கட்டி 50 மி.மீ. உயரத்துக்கு நீர் நிறுத்தவும். தூண்களுக்குச் சாக்கைச் சுற்றிக் கட்டவும். சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமென்ட்டுக்கு 10 நாள் ஈரம் பேணவும். வெப்பமும் வறட்சியும் மிகுந்தால் முறையே 10, 14 நாள்.”

இடறவில்லை. ‘பேணவும்’ என்றதில் இன்னொரு நன்மை: இடைவிடாமல் செய்வது என்ற பொருளும் கூடவே வருகிறது. காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி ஊற்றிவிட்டு நடுவில் சாக்கைக் காயவிடுவது பேணல் ஆகாது. நனைந்து காய்ந்து மறுபடி நனையும்போதுதான் மேற்பரப்பு அதிகம் வெடிக்கிறது.

---

ஈரம்பேணலுக்கு என் ஒப்புதல். மரத்துக்கு வருகிறேன். ‘பதப்படுத்தல்’ அங்கேயும் ஆகாது. கறையானுக்கும் பூஞ்சைக்கும் போராக்ஸ் கரைசல் ஏற்றுவதையும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ‘உலர்த்தல்’ என்றால் ஒட்டக் காயவைப்பது போலிருக்கிறது. உண்மையில் ஓர் அளவில் நிறுத்துகிறோம். ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரம் வரை வடிவது நார்க்குழல்களுக்குள் நிற்கும் நீர்தான். அதுவரை பலகை சுருங்காது. அதற்குக் கீழே நார்ச்சுவரிலிருந்தே நீர் இறங்கும்போதுதான் சுருக்கமும் முறுக்கலும் தொடங்கும். அறைகலனுக்கு 8 முதல் 12 வரை கொண்டுவந்தால் போதும்.

பலகைகளுக்கு நடுவே 25 மி.மீ. இடைக்கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று நேராக வருமாறு வைத்து அடுக்க வேண்டும். கட்டை விலகினால் பலகை அந்த இடத்தில் தொய்ந்து வளைந்தபடியே நின்றுவிடும். வெட்டுமுனை வழியாக ஈரம் மிக வேகமாகப் போகும், அதனால் முனைக்குப் பெயின்டோ மெழுகோ பூசாவிட்டால் விரிசல் உள்ளே ஓடும். மரம் உலர்த்தும் சூளையில் அவசரப்பட்டால் மேல்தோல் முதலில் காய்ந்து இறுகி, பிறகு அறுக்கும்போது பலகை வாளைக் கவ்வும். சொல் ‘ஈரமிறக்கல்’.

---

> ‘பதப்படுத்தல்’ அங்கேயும் ஆகாது

பதம் என்றாலே ‘சரியான நிலை’தானே? ஓர் அளவில் நிறுத்துவது அதிலேயே அடங்கியிருக்கிறது. மரத்துக்காவது அதை விட்டுவைக்கலாம்.

---

பதம் நல்ல சொல்தான். ஆனால் தோல், மீன், மரம் என்று எதற்கும் பொருந்துவதால் என்ன செய்தார்கள் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடிவதில்லை. ஈரமிறக்கலும் மருந்தேற்றலும் பதப்படுத்தலின் இரு பிரிவுகள் என்று பட்டியலில் காட்டிவிடலாம்.

வார்னிஷ், எபாக்சி கியூரிங்கை இதில் சேர்க்க வேண்டாம். அங்கே பேண வேண்டிய ஈரம் எதுவும் இல்லை. பிசினின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும் முழு உறுதிக்கு நாள்கள் ஆகும். அதற்கு ‘முற்றல்’ என்று போடுகிறேன்: பிசின் முற்றவில்லை, முற்றும் நேரம்.

கான்கிரீட்டுக்கான நீராவி கியூரிங் மட்டும் மிச்சம். அங்கே ஈரத்தோடு சூடும் சேர்ந்து வினையை முடுக்குகிறது. ‘ஆவியில் ஈரம்பேணல்’ சூட்டைச் சொல்லவில்லை. ‘ஆவிமுடுக்கம்’ என்றால் ஈரத்தைச் சொல்லவில்லை. யாருக்காவது வேறு தோன்றுகிறதா?