அமிகா 1200: ரீசெட் செய்தால் நெட்வொர்க் கார்டு காணாமல் போகிறது

கேள்வி:
வணக்கம். என் பழைய கம்ப்யூட்டர் அமிகா 1200-இன் இடது பக்க பிசிஎம்சிஐஏ ஸ்லாட்டில் (பழைய லேப்டாப்களில் தட்டையான கார்டு செருகும் அதே வகை) என்இ2000 வகை நெட்வொர்க் கார்டு போட்டிருக்கிறேன். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் சிநெட். அணைத்துப் போட்டால் இணைப்பு வரும். கீபோர்டில் ரீசெட் செய்தால் கார்டே இல்லாத மாதிரி ஆகிவிடும். இப்போது அடியில் 8 எம்பி மெமரி போர்டு சேர்த்த பிறகு, அணைத்துப் போட்டாலும் வருவதில்லை. பழைய லேப்டாப்பில் இதே கார்டு நன்றாக ஓடுகிறது. வேறு வாங்கவா?

பதில் 1:
வாங்காதீர்கள் நண்பரே, கார்டு நல்ல கார்டுதான். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள்.

முதலில் மெமரி. 1200-இல் இருக்கும் 68இசி020 பிராசஸருக்கு மெமரியைக் குறிக்க 24 பிட் முகவரிதான், அதனால் மொத்தமே 16 எம்பி இடம். விரிவாக்க மெமரிக்கு அதில் 8 எம்பி. அந்த 8-இல் பின்பாதி 4 எம்பியைத்தான் பிசிஎம்சிஐஏவும் பயன்படுத்துகிறது. உங்கள் போர்டு எட்டையும் எடுத்துக்கொண்டால் கார்டுக்கு இடமே இல்லை. போர்டில் 4 எம்பிக்கு மாற்ற ஜம்பர் (கழற்றி மாட்டும் குட்டி இணைப்பான்) இருக்கும், பாருங்கள். பாதி மெமரி போகிறதே என்று வருந்த வேண்டாம். நெட்வொர்க்குக்கு அது தாராளம்.

ரீசெட் விஷயம் இந்த மெஷினின் பிறவிக் குறை. கீபோர்டில் ரீசெட் செய்யும்போது கார்டு சரியாக ரீசெட் ஆவதில்லை, பழைய நிலையிலேயே நின்றுவிடுகிறது. அமிகா மென்பொருள்கள் கிடைக்கும் அமிநெட் தளத்தில் கார்ட்ரீசெட் என்று ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. மெஷின் தொடங்கும்போது தானாக ஓடும் ஸ்டார்ட்அப்-சீக்வென்ஸ் ஃபைலில், நெட்வொர்க் தொடங்கும் வரிக்கு முன்னால் அதைப் போடுங்கள்.

பதில் 2:
அப்படியே வேறு கார்டு வாங்கினாலும் 16 பிட் கார்டாகப் பாருங்கள். முனையில் தங்க நிறப் பட்டை இருந்தால் அது 32 பிட் கார்ட்பஸ், இதில் ஏறாது. பலவந்தமாகத் தள்ளினால் ஸ்லாட்டின் ஊசிகள் (பின்கள்) வளைந்துவிடும்.

கேட்டவர்:
ஜம்பரை 4-க்கு மாற்றினேன், உடனே கார்டு தெரிந்தது! கார்ட்ரீசெட்டும் வேலை செய்கிறது, மிக்க நன்றி. ஆனால் பெரிய ஃபைல் இறக்கும்போது சில சமயம் நடுவில் நின்றுவிடுகிறது.

பதில் 1:
மகிழ்ச்சி! கார்டிலிருந்து வெளியே வரும் குட்டி கேபிளை லேசாக அசைத்துப் பாருங்கள். விளக்கு அணைந்து எரிந்தால் அந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது. கேபிளை மட்டும் மாற்றினால் போதும். அது சரியாக இருந்தால் மூடியைத் திறந்து மதர்போர்டின் மின்தேக்கிகளைப் பாருங்கள். 1992-இல் வந்த மாடல் இது, அவை கசியும் வயதுதான். சுற்றிலும் பிசுபிசுப்போ மீன் வாடையோ இருந்தால், மாற்றும்வரை மெஷினைப் போடாதீர்கள். அந்தத் திரவம் போர்டின் செம்புத் தடங்களையே அரித்துவிடும்.