மறுமொழி: படித்துறை வசூல் – மேலத்தெரு வாறுகாலுக்கு யார் பொறுப்பு?

உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

துபாய் அத்தான் நம் ஊர்க் குழுவில் போட்ட வசூல் மடலை இரண்டு தடவை படித்தேன். ஆறு லட்சம் ரூபாயில் தாமிரபரணி ஆற்றில் புதுப் படித்துறை, மேலே ஒரு வளைவு, பணம் கொடுத்தவர்கள் பெயர் வெட்டிய கிரானைட் பலகை, வீட்டுக்குப் பத்தாயிரம். பத்தாயிரம் தருகிறேன், அதில் தகராறு இல்லை. ஆனால் படித்துறைக்குத் தரமாட்டேன். காரணத்தைச் சொல்லாமல் விட்டால் சிங்கப்பூர்க்காரிக்குக் கை வரவில்லை என்று பேச்சு வரும், அதனால் எழுதுகிறேன்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வந்தபோது பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப் போனேன். மண்டபத்துக்குக் கொஞ்சம் மேலே மேலத்தெரு வாறுகால், அதாவது தெருச் சாக்கடை வாய்க்கால், நேராக ஆற்றில் விழுகிறது. சோப்பு நுரை மட்டும் என்றால் பரவாயில்லை, கழிப்பறைத் தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீரும் அதில்தான். அதற்குக் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் பசேலென்று அமலைச் செடி, அதுதான் ஆகாயத்தாமரை. சித்தி பார்த்துவிட்டு, "இங்கே இறங்காதே, சொறி வரும், மேலே போய்க் குளி" என்றாள். மேலே போனால் அடுத்த ஊர் வாறுகால். இந்த இடத்தில்தான் நமக்கு வளைவு வேண்டுமாம்.

நியூஜெர்சித் தம்பி, ஜே.சி.பி. வைத்து அமலையை ஒரே நாளில் வாரிவிடலாம் என்று எழுதியிருக்கிறான். நல்ல மனசு. ஆனால் அமலை எதைத் தின்று வளர்கிறது? நம் வீட்டுச் சாக்கடையிலும் வாழைத் தோட்டத்து உரத்திலும் இருக்கிற சத்தைத்தான். அந்தச் சாப்பாடு வந்துகொண்டிருக்கிற வரை, வாரிய இடத்தில் மிச்சம் கிடக்கிற நாலு செடி பதினைந்து நாளில் இரண்டு மடங்காகும். தை மாதம் வாரினால் சித்திரையில் மறுபடி வார வேண்டும், மறுபடி வசூல். போதாததற்கு ஜே.சி.பி. இறங்கினால் கரையில் நிற்கிற நாணலையும் கோரையையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். கரையைப் பிடித்து வைத்திருப்பதே அதன் வேர்கள்தான், நீர்நாய் ஒதுங்குவதும் அதற்குள்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கரை எங்கெங்கே உடைந்தது என்று ஊரில் யாரையாவது கேட்டுப் பார், முன்னமே மொட்டையாகக் கிடந்த இடங்களைத்தான் காட்டுவார்கள்.

வெள்ளம் என்றதும் ஞாபகம் வருகிறது. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதும், ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் ரயில் நின்றுபோனதும் எல்லோருக்கும் தெரியும். அந்த வெள்ளத்தில் நம்மூரில் என்ன போனது? 2018 அக்டோபரில், 144 வருஷத்துக்கு ஒரு முறை வருகிற மகா புஷ்கர நீராட்டு விழா என்று சொல்லி இதே குழுவில் வசூல் பண்ணிக் கட்டிய சிமெண்டுப் படி போனது. அடியில் மண் அரித்து, இரண்டாகப் பிளந்து, இன்னும் ஆற்றுக்குள் சாய்ந்து கிடக்கிறது. பக்கத்திலேயே இருக்கிற பழைய கல் படித்துறையில் ஒரு கல் நகரவில்லை. தாத்தா காலத்துக்கும் முந்தின வேலை அது, யார் பெயரும் அதில் இல்லை. புது சிமெண்டைக் கொண்டுபோய் அதே இடத்தில் கொட்டுவதற்கு நான் பணம் தரவேண்டுமா?

வாத்தியார் வீட்டு அண்ணாச்சி கணக்குக் கேட்டதற்கு ஆளாளுக்குக் கோபப்பட்டிருக்கிறீர்கள். அவர் குத்தலாகக் கேட்டார் என்பது உண்மைதான், அவருக்கு அது பிறவிக் குணம். ஆனாலும் 2018 கணக்கு இன்றைக்கு வரை வரவில்லை என்பதும் உண்மைதானே. 'ரசீதுப் புத்தகம் வெள்ளத்தில் போய்விட்டது' என்ற பதில் எனக்குச் சிரிப்பைத்தான் வரவழைத்தது. வெள்ளம் வந்தது ஐந்து வருஷம் கழித்து, அதுவரை அந்தப் புத்தகம் எங்கே தூங்கியது?

இன்னொரு விஷயமும் இருக்கிறது, இதை யாருமே எழுதவில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற நாம் வங்கி வழியாக நம் சம்பாத்தியத்தை அனுப்பினால் சிக்கல் இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் அனுப்பினால், அவர்கள் நம்மூரில் பிறந்தவர்களாகவே இருந்தாலும், 2010 வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அது வெளிநாட்டுப் பணம். அதை வாங்க நம் ஊர்ச் சங்கம் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்றே கணக்கு இருக்க வேண்டும். நம் சங்கத்துக்கு அது இல்லை. தம்பி, நீ ஆசையாக அறிவித்த ஒரு லட்சத்தைத் தயவுசெய்து சங்கக் கணக்கில் போட்டுவிடாதே. செயலாளருக்கு நோட்டீஸ் வந்தால் அலையப் போவது அவர் மட்டும்தான், நாம் யாரும் கூட வரமாட்டோம்.

'கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு ஊர் விஷயத்தில் என்ன பேச்சு' என்று தனிமடலில் எழுதிய பெரியவருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கோயில் வரி என்றால் பெண்பிள்ளைக்குத் தலைக்கட்டு (வரி போடுகிற குடும்பக் கணக்கு) கிடையாது, சரி. புஷ்கரத்துக்கு என்னிடம் வாங்கியபோது அந்த ஞாபகம் உங்களுக்கு வரவில்லையே? அப்பா படுக்கையில் கிடந்தபோது காரை அனுப்பிய உதவியை நான் மறக்கவில்லை. அதற்காக வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

நெல்லை நகரத்துச் சாக்கடையே ஆற்றில் கலக்கும்போது நம்மூர் இரண்டு தெருத் தண்ணீர் என்ன பெரிதாகச் செய்துவிடும் என்று மஸ்கட் அத்தான் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நெல்லைக்கு வந்து சாக்கடை கலக்கிற இடங்களை நேரில் பார்த்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு தனி ஆள் 2018-இலிருந்து நடத்திய வழக்கு இருக்கிறது. மணல் விஷயமும் அப்படித்தான். ஆற்றுக்குள் லாரி லாரியாக அள்ளிக்கொண்டிருந்தபோது ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த நல்லகண்ணு ஐயா, எண்பத்தைந்தைத் தொடுகிற வயதில், மதுரைக் கிளையில் வழக்குப் போட்டு 2010-இல் தடை வாங்கினார். அப்போது நம்மூரில் லாரிக்கு வழிவிட்ட தோப்பு யாருடையது என்று நான் எழுதப் போவதில்லை. ஆனால் சின்ன வயதில் மணலைக் கையால் தோண்டி, ஊற்றுத் தண்ணீர் தெளிகிற வரை காத்திருந்து குடித்தோமே, அந்த மணல் போனதோடு சாக்கடையை வடிகட்டுகிற சக்தியும் ஆற்றுக்குப் போய்விட்டது. ஆற்றங்கரை உறைகிணறுகளிலிருந்துதான் தூத்துக்குடிக்கும் விருதுநகர்ப் பக்கத்துக்கும் குடிதண்ணீர் போகிறது. எட்டு அணைக்கட்டில் கடைசி ஸ்ரீவைகுண்டம், நாம் அதற்கும் கீழே. மேலே எல்லோரும் எடுத்தது போக மிச்சம் வருகிற தண்ணீரில் நம் பங்குச் சாக்கடை விழுந்தால் கலங்காமல் என்ன செய்யும்?

அதனால் என் கட்சி இதுதான்: பணத்தை ஆற்றுக்குள் போடாதீர்கள், மேலத்தெருவில் போடுங்கள். ஆறு நீர்வளத்துறை இடம், அனுமதி இல்லாமல் அதில் ஒரு செங்கல் வைக்க முடியாது. வீட்டுத் தண்ணீரை வீட்டிலேயே நிறுத்த யாரிடமும் கெஞ்ச வேண்டாம். குளியலறை, அடுப்படித் தண்ணீருக்கு உறிஞ்சுகுழி போடலாம். கரையை ஒட்டிய வீடுகளுக்குக் குழி சரிப்படாது, அங்கே நிலத்தடித் தண்ணீர் மேலேயே நிற்கிறது. வாறுகாலைத் திருப்பி, கல்வாழை நட்ட பாத்தியில் வடியவிட வேண்டும். கழிப்பறைத் தொட்டி தனிக் கதை, வழிகிற தொட்டிகளை லாரி வைத்து எடுத்து, அடி திறந்து கிடப்பதை அடைத்துக் கட்டியே ஆகவேண்டும். நம் பணம் அதற்குத்தான் முதலில் வேண்டும், ஏனென்றால் அந்த வீடுகளில் பாதியில் வயதான பொம்பளைகள் தனியாக இருக்கிறார்கள். வாறுகால் வேலையை 'நமக்கு நாமே' திட்டத்தில் கேட்டால் மூன்றில் ஒரு பங்கு நாம் கட்டினால் போதும், மீதியை அரசு போடும். பணத்தை எண்ணி அரசுக்குக் கட்டுவதால் வாத்தியார் வீட்டு அண்ணாச்சிக்கும் நிம்மதி.

முன்பு தென்கால் வாய்க்காலை அடைத்தவுடன் பிசான நெல் அறுவடை முடிந்த வீடுகளிலிருந்து ஆள் போய் வாய்க்காலைத் தூர் வெட்டுவார்கள். வராதவனிடம் பணமாக வசூலிக்க 1858-இலேயே சட்டம் வந்துவிட்டது. அதாவது அப்போதும் எல்லோரும் ஒழுங்காக வரவில்லை! ஊரே கூடிச் செய்த பெரியப்பா காலத்துக் குடிமராமத்தை நினைத்து உருகுகிறவர்கள் இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று கேட்ட மதினிக்கு: மணிமுத்தாறில் இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் பொங்கலை ஒட்டி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. பிள்ளைகள் சேரலாம். வேனும் சாப்பாடும் மட்டும் நம் செலவு.

மே 1 கிராம சபையில் வாறுகாலைத் தீர்மானமாகப் போடவேண்டும். மனுவை நாளை இங்கே அனுப்புகிறேன், கையெழுத்துப் போட ஊரில் இருக்கிறவர்கள் வேண்டும், சித்தி மேலத்தெருவில் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். கல்வாழைப் பாத்திக்கு இடம் என்று பார்த்தால் தோப்புக்குக் கீழே சும்மா கிடக்கிற அந்த நாலு சென்ட்தான். மும்பைப் பெரியப்பா, உங்களுக்கும் தெற்குத் தெருவுக்கும் உள்ள வழக்கு உங்களோடு. இடத்தைத் தரமுடியுமா முடியாதா என்று மட்டும் மாத முடிவுக்குள் சொல்லுங்கள், குழுவில் எழுத இஷ்டமில்லை என்றால் எனக்குப் போன் பண்ணுங்கள்.

மேலத்தெரு மச்சுவீட்டு இளையவள்,
சிங்கப்பூர்