உதவி: ஹிஸ்டோரியனில் வரும் தினசரி நீராவிக் கணக்கு டிசிஎஸ் கவுன்டரோடு ஒத்துப்போகவில்லை

பாய்லர்_பி_ஷிஃப்ட் எழுதியது:

வணக்கம். காகித ஆலை ஒன்றின் கேப்டிவ் பவர் பிளான்ட்டில் வேலை பார்க்கிறேன். பாய்லரிலிருந்து மெயின் ஹெடருக்குப் போகும் நீராவி ஓட்டம் பிஐ ஹிஸ்டோரியனில் (ஆலையின் அளவீடுகளை நேரத்தோடு சேமித்துவைக்கும் சர்வர்) ஒரு டேக்காக, அதாவது ஓர் அளவீட்டின் பதிவாக, இருக்கிறது. அலகு டன்/மணி. காலை 6 முதல் மறுநாள் காலை 6 வரை மொத்தம் எத்தனை டன் என்று கணக்கிட ஒரு பர்ஃபாமன்ஸ் ஈக்குவேஷன் டேக் (சூத்திரம் போட்டுக் கணக்கிடும் டேக்) ஓடுகிறது. சூத்திரம் இவ்வளவுதான்:

டேக்டாட்('ஸ்டீம் ஃப்ளோ', நேற்று 6 மணி, இன்று 6 மணி) × 24

இதைப் போட்டவர் இப்போது இங்கே இல்லை. 24 எதற்கு என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. எடுத்துவிட்டுப் பார்த்தால் ஒரு நாள் முழுதுக்கும் 60 டன் என்று காட்டுகிறது. 60 என்பது ஒரு மணி நேர ஓட்டம், அது எப்படி மொத்தமாகும்?

என் உண்மையான தலைவலி வேறு. டிசிஎஸ்ஸில் (ஆலையை இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு) இருக்கும் டோட்டலைசர் கவுன்டரின், அதாவது ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகும் எண்ணியின், ஒரு நாள் வித்தியாசத்தையும் இதையும் பக்கத்தில் வைத்தால்:

சாதாரண நாள்: ஹிஸ்டோரியன் 1,450 டன், டிசிஎஸ் 1,405 டன்
பாய்லர் ட்ரிப் ஆகிச் சுமார் 6 மணி நேரம் நின்ற நாள்: ஹிஸ்டோரியன் 1,440 டன், டிசிஎஸ் 1,041 டன்

கால்வாசி நாள் பாய்லரே ஓடவில்லை, ஆனாலும் மொத்தம் அப்படியே நிற்கிறது. பேப்பர் மெஷின் பிரிவுக்கு நீராவிச் செலவு இந்த எண்ணை வைத்துத்தான் போகிறது, அதனால் தினமும் ஒரு பஞ்சாயத்து. காஸ்டிங்காரர்கள் "0.97 ஆல் பெருக்கிவிட்டு வேலையைப் பாருங்கள்" என்கிறார்கள். எங்கே பார்ப்பது?

---

கணக்குப்பிள்ளை:

24-ஐத் தொடாதீர்கள், அது சரிதான். டேக்டாட் என்பது நேரத்தின் மேல் தொகையிடுவது. உங்கள் டேக் மணிக்கு எத்தனை டன்னா, நிமிடத்துக்கு எத்தனையா என்று சர்வருக்குத் தெரியாது. எந்த ஓட்டமாக இருந்தாலும் "ஒரு நாளைக்கு இவ்வளவு" என்றே எடுத்துக்கொள்ளும். 60-ஐ ஒரு நாள் முழுதும் தொகையிட்டால் 60 வரும். மணிக்கணக்கு டேக் என்றால் 24, நிமிடக்கணக்கு என்றால் 1440, நொடி என்றால் 86400 என்று நாம்தான் பெருக்க வேண்டும்.

0.97 யோசனையை மட்டும் கேட்காதீர்கள். அந்தக் காரணியை ட்ரிப் ஆன நாளுக்குப் போட்டுப் பாருங்கள், 1,440 என்பது 1,397 ஆகும். டிசிஎஸ் சொல்வது 1,041. ஒரு நாள் 3 சதவீதம், இன்னொரு நாள் கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடுதல் என்றால் அவை ஒரே நோய் இல்லை. தனித்தனியாகத்தான் பிடிக்க வேண்டும்.

---

பழைய_மேனுவல்:

ட்ரிப் நாளுக்கு என்னிடம் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் முதலில் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். அந்த 6 மணி நேரத்தில் டேக்கில் ஆர்க்கைவ் ஆன மதிப்பு என்ன? டிரெண்டில் பார்க்காதீர்கள், கச்சா மதிப்புகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். அப்படியே டேக்கின் பாயின்ட் டைப் (மதிப்பை எந்த எண் வடிவில் சேமிக்கிறது) என்ன என்பதையும்.

---

பாய்லர்_பி_ஷிஃப்ட்:

பார்த்தேன் சார். ட்ரிப் ஆன சில நிமிடங்களில் எண்ணே இல்லை, "அண்டர் ரேஞ்ச்" என்று எழுத்தில் வருகிறது. லைட்அப் ஆகி (பாய்லரை மறுபடி பற்றவைத்து) ஓட்டம் ஏறும்வரை அப்படியே. பாயின்ட் டைப் ஃப்ளோட்16. ஜீரோ (கீழ் எல்லை) 0, ஸ்பான் (அங்கிருந்து மேல் எல்லை வரை உள்ள வீச்சு) 80.

---

பழைய_மேனுவல்:

அதேதான். ஓஎஸ்ஐசாஃப்ட் அவீவா கைக்குப் போவதற்கு முன்பே, அதாவது 2021-க்கு வெகு முன்பே, இந்த விஷயம் மேனுவலில் இருந்தது. யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இரண்டு விஷயம் சேர்ந்திருக்கிறது. ஒன்று, ஃப்ளோட்16 டேக் ஜீரோவுக்கும் ஸ்பானுக்கும் நடுவில்தான் எண்ணை வைத்துக்கொள்ளும். ஓட்டம் நின்று மதிப்பு மைனஸ் 0.2 என்று வந்தாலே போதும், எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு "அண்டர் ரேஞ்ச்" என்று எழுதும். கணக்கைப் பொறுத்தவரை அது கெட்ட மதிப்பு. பூஜ்யம் இல்லை.

இரண்டு, இடையில் கெட்ட மதிப்பு வந்தால் டேக்டாட் அந்த நேரத்தை விட்டுவிட்டுத் தொகை போடும். போட்ட பிறகு, நல்ல மதிப்பு இருந்த நேரத்தின் பங்கால் வகுத்துவிடும். அதாவது நல்ல நேரத்தின் சராசரியே கெட்ட நேரத்திலும் ஓடியது என்று வைத்துக்கொள்கிறது. உங்கள் நாளில் 18 மணி நேரம் 60 டன் வீதம், மொத்தம் 1,080. பங்கு 0.75. வகுத்தால் 1,440. நீங்கள் பார்த்த எண் அதுவே.

பத்து நிமிடம் தொடர்பு போன நாளில் இந்த ஏற்பாடு நல்லதுதான். பாய்லர் நின்ற நாளில்தான் ஏமாற்றும்.

---

லூப்_செக்:

அப்படியென்றால் எளிய வழி: பிசிடிகுட் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, நல்ல நேரம் எத்தனை சதவீதம் என்று தரும். மொத்தத்தை அதனால் பெருக்கி 100 ஆல் வகுத்துவிட்டால் 1,080 வந்துவிடும். இல்லாவிட்டால் இடையில் ஒரு சுத்தமான டேக் போட்டு, கெட்ட மதிப்பு வந்தால் நோஅவுட்புட் கொடுத்துவிடுங்கள்.

---

பழைய_மேனுவல்:

@லூப்_செக் முதல் யோசனை பாதி சரி. இரண்டாவது வேண்டவே வேண்டாம்.

நோஅவுட்புட் என்றால் எதுவும் எழுதப்படாது. எதுவும் எழுதப்படாத இடத்தில் ஹிஸ்டோரியன் என்ன செய்யும்? ட்ரிப்புக்கு முன்னால் இருக்கும் 60-க்கும், லைட்அப்புக்குப் பின்னால் முதலில் வரும், உதாரணத்துக்கு 20-க்கும் நடுவே நேர்க்கோடு இழுக்கும். ஆறு மணி நேரத்துக்கு இல்லாத நீராவி சராசரி 40 டன் வீதம் ஓடியதாகக் கணக்கு வரும். அதைவிடக் கொடுமை, பிசிடிகுட் 100 என்று காட்டும், சந்தேகப்படக்கூட வழி இருக்காது.

பிசிடிகுட்டால் பெருக்குவதில் உள்ள சிக்கல்: எல்லாக் கெட்ட நேரத்தையும் பூஜ்யமாக்கிவிடும். டிசிஎஸ்ஸிலிருந்து மதிப்புகளை ஹிஸ்டோரியனுக்கு அனுப்பும் இன்டர்ஃபேஸ் கணினி தொங்கி "ஐஓ டைம்அவுட்" வந்த நேரத்தில் பாய்லர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்திருக்கும், அந்த நீராவியும் போய்விடும்.

அதனால் நடுவில் ஒரு டேக் போடுங்கள். ஸ்டீம் ஃப்ளோ டேக்கில் மதிப்பு வரும்போதெல்லாம் ஓடட்டும். "அண்டர் ரேஞ்ச்" என்றால் 0 எழுதட்டும். வேறு கெட்ட நிலை எதுவானாலும் அதை அப்படியே கெட்டதாகவே கடத்தட்டும். நல்ல எண் என்றால் எண். பிறகு டேக்டாட்டை இந்தப் புது டேக்கின் மேல் போடுங்கள். பக்கத்திலேயே பிசிடிகுட்டுக்கும் தனியாக ஒரு டேக். அது 95-க்குக் கீழே போன நாளின் மொத்தத்தை ஒருவர் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் காஸ்டிங்குக்கு அனுப்ப வேண்டும். 95 என் பழக்கம், உங்கள் ஆலைக்கு எது சரியோ வைத்துக்கொள்ளுங்கள்.

---

டிபி_டிரான்ஸ்மிட்டர்:

இன்ஸ்ட்ருமென்ட் ஆள் வருகிறேன். பூஜ்யத்துக்குக் கீழே ஏன் போகிறது என்று யாரும் கேட்கவில்லையே! நீராவி லைனில் ஆரிஃபிஸ் (துளையுள்ள தகடு) வைத்து அதன் இரு பக்க அழுத்த வித்தியாசத்தால் (டிபி) அளக்கிறீர்கள் என்றால், அழுத்தத்தை டிரான்ஸ்மிட்டருக்குக் கொண்டுபோகும் இம்பல்ஸ் லைன் இரண்டிலும் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர் மட்டத்தை வைத்திருக்கும் கண்டென்சேட் பாட் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லையென்றாலோ, ஒரு பக்கம் தண்ணீர் குறைந்திருந்தாலோ ஜீரோ நகரும். அடுத்த ஷட்டவுனில் இரு பக்கத்தையும் இணைக்கும் ஈக்குவலைசிங் வால்வைத் திறந்து ஜீரோ பார்க்கச் சொல்லுங்கள்.

எதிர்த் திசையில் நகர்ந்தால் இன்னும் மோசம். டிபியிலிருந்து ஓட்டம் வர்க்கமூலத்தில் வருகிறது. ஓட்டம் பூஜ்யமாக இருக்கும்போது டிபியில் ஸ்பானின் 1 சதவீதம் பிழை என்றால் ஓட்டத்தில் ஸ்பானின் 10 சதவீதம். உங்கள் 80 டன் ஸ்பானில் அது 8 டன். நின்றுபோன பாய்லர் மணிக்கு 8 டன் நீராவி கொடுப்பதாகக் காட்டும், அதுவும் நல்ல மதிப்பாக. டிசிஎஸ்ஸில் லோ ஃப்ளோ கட்ஆஃப் (ஓர் எல்லைக்குக் கீழான ஓட்டத்தைப் பூஜ்யமாக எடுப்பது) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் அந்த 3 சதவீதம். ஆரிஃபிஸின் டிசைன் அழுத்தம் என்ன, ஓடும் அழுத்தம் என்ன? டேக்கின் இன்ஸ்ட்ருமென்ட்டேக் புலம் (மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று சொல்வது) டிசிஎஸ்ஸில் எந்தப் பிளாக்கை, அதாவது எந்தக் கணக்குக் கட்டத்தை, சுட்டுகிறது?

---

பாய்லர்_பி_ஷிஃப்ட்:

டிசைன் சதுர செ.மீ.க்கு 64 கிலோ கேஜ் (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல்), 480 டிகிரி. நாங்கள் ஓட்டுவது 60 கிலோவில், வெப்பநிலை அதே 480-ஐ ஒட்டித்தான். இன்ஸ்ட்ருமென்ட்டேக் அனலாக் இன்புட் பிளாக்கைச் சுட்டுகிறது. டிசிஎஸ் லாஜிக் ஷீட்டை எடுத்துப் பார்த்தோம், அந்தப் பிளாக்குக்குப் பிறகு அழுத்தம், வெப்பநிலைத் திருத்தம் செய்யும் பிளாக் ஒன்று இருக்கிறது. டோட்டலைசர் அதற்கும் பிறகுதான் வருகிறது. கட்ஆஃபும் டோட்டலைசர் பிளாக்கில்தான்.

---

டிபி_டிரான்ஸ்மிட்டர்:

ஆகத் திருத்தாத ஓட்டம் ஹிஸ்டோரியனுக்கு, திருத்திய ஓட்டம் கவுன்டருக்கு.

கேஜ் அழுத்தத்தோடு வளிமண்டல அழுத்தம் 1.033 சேர்த்து முழு அழுத்தமாக்குங்கள். 61.033-ஐ 65.033 ஆல் வகுத்தால் 0.9385. வர்க்கமூலம் 0.969. உங்கள் 1,450-ஐ அதனால் பெருக்கினால் 1,405. (நீராவி முழு ஐடியல் வாயு இல்லை, இது தோராயம்தான். வெப்பநிலையும் மாறினால் 273 கூட்டிக் கெல்வினில் எடுக்க வேண்டும், அங்கே பின்னம் தலைகீழ்.)

ஆக, காஸ்டிங்காரர்களின் 0.97 வந்த இடம் இதுதான், அவர்களுக்கே தெரியாமல்! ஆனால் அதை நிலையான எண்ணாக வைக்கக் கூடாது. ட்ரிப் நாளைப் பாருங்கள்: 1,080-ஐ 0.969 ஆல் பெருக்கினால் 1,046. கவுன்டர் 1,041. மிச்சம் 5 டன் எங்கே என்றால், பெரும்பாலும் லைட்அப் நேரத்தில். அழுத்தம் கீழிருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது ஓடிய நீராவிக்குத் திருத்தக் காரணி 0.969-ஐ விட நிறையக் குறைவு. அதனால் ஹிஸ்டோரியனில் நீங்களே சூத்திரம் எழுதுவதைவிட, திருத்திய பிளாக்கின் வெளியீட்டையே புது டேக்காகக் கொண்டுவாருங்கள். இந்த முறை ஃப்ளோட்32-ஆக. ஃப்ளோட்32 என்றால் மைனஸ் மதிப்பும் எண்ணாகவே உள்ளே வரும், எனவே நடுவில் போடும் டேக்கில் "அண்டர் ரேஞ்ச்" சோதனைக்குப் பதில் டிசிஎஸ்ஸில் உள்ள அதே கட்ஆஃப் எல்லையை வையுங்கள்.

---

லூப்_செக்:

நோஅவுட்புட் விஷயம் புரிந்தது, நன்றி அண்ணே. இன்னொன்று: கணக்கு சரியாக 6:00:00-க்கு ஓடுகிறதா? இன்டர்ஃபேஸ் பஃபரில் மதிப்புகள் தேங்கியிருந்தால் அந்த நேரத்தில் கடைசிச் சில நிமிடங்கள் சர்வருக்கு வந்திருக்காது. 6:10-க்கு ஓட விடுங்கள், ஆனால் சூத்திரத்துக்குள் நேர எல்லை 6 மணி என்றே இருக்கட்டும். "இப்போதிலிருந்து 24 மணி நேரம் பின்னால்" என்று எழுதிவிடாதீர்கள்.

---

பாய்லர்_பி_ஷிஃப்ட்:

எல்லாருக்கும் நன்றி. திருத்திய பிளாக்கின் டேக்கைக் கேட்டு டிசிஎஸ் பொறியாளருக்கு எழுதியாயிற்று. ஒரே கேள்வி: ஏற்கெனவே காஸ்டிங்குக்குப் போன பழைய மாதங்களின் எண்களை ஹிஸ்டோரியனில் திருத்தி எழுதிவிடலாமா?

---

கணக்குப்பிள்ளை:

அந்த டேக்கிலேயே எழுதாதீர்கள். போன மாதம் அனுப்பிய அறிக்கையில் ஒரு எண், ஹிஸ்டோரியனில் இன்னொரு எண் என்றால் ஆடிட்டில் மாட்டுவது நீங்கள்தான். பழைய டேக் அப்படியே ஓடட்டும். புது மொத்தத்துக்குப் புதுப் பெயரில் ஒரு டேக் போட்டு இரண்டையும் ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். திருத்திய பிளாக்கின் வரலாறு ஹிஸ்டோரியனில் இல்லாததால் பழைய மாதங்களுக்கு அழுத்த டேக்கை வைத்துத் தோராயமாகத்தான் போட முடியும். ட்ரிப் ஆன நாட்களை மட்டும் எடுத்து, டிசிஎஸ் கவுன்டரின் ஷிஃப்ட் லாக்கோடு ஒப்பிட்டு காஸ்டிங்கிடம் ஒரு கடிதமாகக் கொடுத்துவிடுங்கள். பெரிய தொகை அந்த நாட்களில்தான் இருக்கும். ஷிஃப்ட் லாக்கில் கவுன்டர் ரீசெட் ஆன நாள் ஏதாவது இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் மைனஸில் வரும்.