வேலையால வாற காயமும் வருத்தமும்: யாழ்ப்பாணத்தில ஆய்வு செய்யிறதெண்டா எங்க இருந்து தொடங்கிறது?

கோண்டாவில்_பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க யாழ்ப்பாணத்தில பொதுச் சுகாதாரம் படிக்கிறன். கடைசி வருச ஆய்வுக்கு, எந்தத் தொழில்ல என்ன காயம், என்ன வருத்தம் கூட வருது எண்டு ஒப்பிட்டுப் பாப்பம் எண்டு யோசிச்சு வச்சிருக்கிறன். சீவல் தொழில் (பனையில ஏறிக் கள்ளுச் சீவுறது), கடல்தொழில், தோட்டம், மேசன் வேலை, டவுன் கடையளில நிக்கிற பிள்ளையள், இந்த அஞ்சும் இப்போதைக்கு மனசில இருக்கு.

உலகக் கணக்கு இருக்கு. சர்வதேச தொழில் அமைப்பு 2023 இல வெளியிட்ட மதிப்பீட்டில வருசத்துக்கு கிட்டத்தட்ட 29 லட்சத்து 30 ஆயிரம் பேர் வேலை சம்பந்தப்பட்ட காரணங்களால சாகினம், சாகாமல் காயப்படுறவை 39 கோடியே 50 லட்சம் எண்டு இருக்கு. ஆனா எங்கட ஆக்களைத் தேடிக்கொண்டு போனா ஒரு இடத்திலயும் ஒழுங்கான பதிவு இல்லை. 1942 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலையில நடக்கிற விபத்தை அறிவிக்கச் சொல்லுது, சரி, ஆனா இங்க பனையில ஏறுறவரும் சொந்தத் தோட்டத்தில மருந்தடிக்கிறவரும் எந்தத் தொழிற்சாலைக்குள்ள வருவினம்? அவை விழுந்தாலும் மயங்கினாலும் அது அவையின்ர வீட்டுப் பிரச்சினையாத்தான் போயிடுது, இது எனக்கு பெரிய கவலையா இருக்கு.

ஆஸ்பத்திரிப் பதிவில இருந்து தொடங்கிறதோ இல்லாட்டி வீடு வீடாப் போய்க் கேக்கிறதோ நல்லது? என்னென்ன கேக்கோணும்? தொழில் தெரிஞ்ச ஆக்கள், ஆய்வு செய்த ஆக்கள் ஆரும் இருந்தா தயவுசெய்து சொல்லுங்கோ.

வாட்டு_அக்கா:

தங்கச்சி, ஆஸ்பத்திரிப் பதிவை மட்டும் நம்பித் தொடங்காதேங்கோ. நான் கனகாலம் சத்திரசிகிச்சை வாட்டில தாதியா வேலை செய்த ஆள். நோயாளியின்ர விபரம் எழுதிற டிக்கெற்றில தொழில் எண்ட இடம் ஒண்டில் வெறுமனே கிடக்கும், இல்லாட்டி "கூலி" எண்டு எழுதியிருக்கும், மேசனும் கூலிதான் மூட்டை தூக்கிறவரும் கூலிதான். "மரத்தால விழுந்தது" எண்டு மட்டும் எழுதியிருப்பினம், சீவப் போய் விழுந்தவரோ வீட்டில மாங்காய் பிடுங்க ஏறி விழுந்தவரோ எண்டு பேந்து ஆராலயும் கண்டுபிடிக்கேலாது. 1700 ஆம் ஆண்டிலயே இத்தாலியில றமாஸ்ஸினி எண்ட வைத்தியர், நோயாளியிட்ட நீ என்ன வேலை செய்யிறாய் எண்டு கட்டாயம் கேளுங்கோ எண்டு எழுதி வச்சிட்டுப் போனவர், இண்டைக்கும் அந்தக் கேள்விக்கு வாட்டில நேரம் இல்லாமல் கிடக்கு.

இன்னொண்டு, ஆஸ்பத்திரிக்கு வாறது பெரிய காயம் மட்டும்தான். விரல் வெட்டு, கண்ணில தூசு, இடுப்புப் பிடிப்பு எல்லாம் வீட்டோடயும் பரியாரியோடயும் முடிஞ்சிடும். ஆனா வேலைக்குப் போகாமல் நிக்கிற நாள் கூடுறது அந்தச் சின்னச் சின்னதுகளாலதான், ஆகையால வீடுகளுக்குப் போகத்தான் வேணும்.

நீங்கள் வீட்டுக்குப் போகேக்க இதையும் கேளுங்கோ: விழுந்த உடன ஆர் தூக்கினது, எதில கொண்டு போனது. முள்ளந்தண்டு அடிபட்ட ஆளை இருத்தி, மடிச்சு, ஓட்டோவில ஏத்திக்கொண்டு வாறதைக் கண்டு கண்டு எனக்கு நெஞ்சு நொந்து போச்சு, விழுந்ததில தப்பின நரம்பு தூக்கினதில போயிடலாம். 1990 எண்ட இலக்கத்துக்கு அடிச்சா வாற அம்புலன்ஸ் 2018 இல வடக்குக்கும் வந்திட்டுது, காசும் இல்லை. ஆளை அசைக்காமல் விட்டிட்டு அதுக்கு அடிக்கோணும் எண்டது எத்தினை பேருக்குத் தெரியும் எண்டு உங்கட படிவத்தில ஒரு கேள்வி கட்டாயம் இருக்கோணும்.

பனையடி:

அக்கா சொன்னது நூறு வீதம் உண்மை. என்ர அப்பா சீவல் தொழில் செய்தவர், சித்தப்பாவும் அதுதான். தங்கச்சி, "எப்பிடி விழுந்தனீங்கள்" எண்டு மட்டும் கேட்டா "கால் வழுக்கிட்டுது" எண்டு ஒரு சொல்லில முடிச்சிடுவினம், அங்கால ஒண்டும் வராது. துருவித் துருவிக் கேளுங்கோ. மழை பெய்து மரம் நனைஞ்சிருந்ததோ, காலில போடுற தளைநார் பழசோ, மரத்தின்ர தலைப்பு வட்டுக்குள்ள குளவி இருந்ததோ, குளவி கலைஞ்சா ஒரு கையால மரத்தைப் பிடிச்சு மற்றக் கையால முகத்தை மறைக்கிறது, அப்பதான் விடுபடும். காலமையா பின்னேரமா எண்டும் கேக்கோணும், பின்னேரம் ஏறேக்க உடம்பு களைச்சிருக்கும், கடைசி மரம் எண்டா இருட்டிப் போகும். அதைவிட கருக்கு கீறின காயம், பாளைக்கத்தி வெட்டு, நெஞ்சை மரத்தோட அணைச்சு அணைச்சு நெஞ்சிலயும் உள்ளங்காலிலயும் காய்ச்சுப்போன தோல், முழங்கால் நோ, இதுகளை அவை வருத்தம் எண்டே சொல்ல மாட்டினம், நீங்கள்தான் ஒவ்வொரு உறுப்பாக் காட்டிக் கேக்கோணும்.

இன்னொரு விசயம். இண்டைக்கு மரத்தில ஏறிக்கொண்டிருக்கிறவரை மட்டும் கேட்டா நீங்கள் தேடுறது கிடையாது. விழுந்து படுக்கையில கிடக்கிறவர், பயந்து விட்டிட்டு ஹயர் ஓட்டுறவர், அவையைத் தேடுங்கோ. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களிட்ட அங்கத்தவர் பேர் இருக்கும், பழைய பதிவுப் புத்தகத்தைக் காட்டச் சொல்லி முறையாக் கடிதம் குடுங்கோ. போற நேரத்தையும் பாருங்கோ, மத்தியானம் எண்டா ஆள் வீட்டில இருப்பார், காலமையும் பின்னேரமும் மரத்திலதான்.

கணக்கு_மாஸ்டர்:

பனையடி சொன்ன கடைசி விசயத்துக்கு ஆய்வுக்காரர் பேரே வச்சிருக்கினம், ஆரோக்கியமான தொழிலாளி விளைவு எண்டு. வேலைக்கு வாறவன் ஏற்கனவே உடம்பு பலமான ஆள், வருத்தம் வந்தவன் வேலையை விட்டிட்டுப் போயிடுவான், மிச்சம் நிக்கிறவனை மட்டும் அளந்தா பாரமான தொழில்கூட உடம்புக்கு நல்லதெண்டு மறுமொழி வரும்.

தொழிலோட தொழிலை ஒப்பிடேக்க இதுக்கு வடிவான உதாரணம் லண்டன் பஸ் ஆய்வு. 1953 இல ஜெரி மொறிஸ் எண்ட வைத்தியர் இரட்டைத் தட்டு பஸ்ஸில வேலை செய்யிற சாரதியையும் கொண்டக்டரையும் ஒப்பிட்டுப் பாத்தவர். ஒரே பஸ், ஒரே கொம்பனி, ஆனா நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிற கொண்டக்டருக்கு மாரடைப்புக் குறைவு, இருந்த இடத்தில இருக்கிற சாரதிக்குக் கூட. அந்தாள் அதோட நிக்கேல்லை. 1956 இல அவையின்ர சீருடை அளவுப் பதிவை எடுத்துப் பாத்தா சாரதிமாரின்ர இடுப்பு வேலைக்குச் சேரேக்கயே கொண்டக்டர்மாரை விடப் பெரிசா இருந்திருக்கு. அப்ப வேலைதான் ஆளை மாத்தினதோ, அந்த மாதிரி ஆக்கள்தான் அந்த வேலைக்குப் போனவையோ? இந்தக் கேள்வியை உங்கட அஞ்சு தொழிலுக்கும் நீங்கள் கேக்கோணும், வயசு, சிகரெட், குடி, முந்திச் செய்த வேலை எல்லாம் எழுதாமல் விட்டா ஒப்பிட்டதில பிரயோசனம் இல்லை.

அடுத்தது கீழ்த்தொகை, அதாவது காயத்தின்ர எண்ணிக்கையை எதால வகுக்கிறது எண்டது. பத்துச் சீவல்காரருக்குக் காயம், பத்துக் கடைப் பிள்ளையளுக்குக் காயம் எண்டா ரெண்டும் ஒண்டில்லை, சீவல் வருசம் முழுக்க ஒரே மாதிரி நடக்கிறதில்லை, கடலும் காத்துப் பாத்துத்தான். அதால ஆளுக்கு எத்தினை எண்டு பாக்காமல் வேலை செய்த மணித்தியாலத்துக்கு எத்தினை காயம் எண்டு பாருங்கோ. 2 லட்சம் மணித்தியாலத்துக்கு எண்டு கணக்கெடுக்கிற வழக்கம் இருக்கு, அது 100 பேர் கிழமைக்கு 40 மணித்தியாலப்படி 50 கிழமை செய்யிற வேலை. மணித்தியாலத்தை மாதம் மாதமாக் கேட்டு எழுதுங்கோ, "சராசரியா எவ்வளவு" எண்டு கேட்டா சும்மா ஒரு இலக்கம் சொல்லுவினம்.

ஞாபகமும் ஒரு பிரச்சினை. சின்னக் காயத்தை ஆக்கள் கெதியா மறந்திடுவினம், அதுக்கு போன ஒரு மாதம் மட்டும் கேளுங்கோ, ஆஸ்பத்திரியில நிண்ட காயத்துக்கு ஒரு வருசம் கேக்கலாம். மூட்டு நோ, இடுப்பு நோவுக்கு 1987 இல வந்த நோர்டிக் கேள்விக்கொத்து இருக்கு, உடம்பை ஒன்பது பகுதியாப் பிரிச்சு போன 12 மாதமும் போன 7 நாளும் கேக்கும், படத்தைக் காட்டியே கேக்கலாம், இது பனையடி சொன்ன குறையைத் தீர்க்கும்.

புன்னாலைக்கட்டுவன்_தோட்டம்:

மாஸ்டர் சொன்னது எல்லாம் சரி, ஆனா தோட்டத்துக்கு வந்தா காயத்தை விட நஞ்சைத்தான் முதல்ல பாக்கோணும் பிள்ளை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மருந்தடிக்கேக்க சேட்டு நனைஞ்சு முதுகோட ஒட்டும், மருந்து ராங்கி ஒழுகும், அந்தச் சேட்டோட வந்து தேத்தண்ணி குடிப்பினம். முகமூடி போடச் சொன்னா இந்த வெக்கைக்கு மூச்செடுக்கேலாது எண்டுவினம், அது பொய்யில்லை, நிண்டு பாத்தா விளங்கும். ஆகலும் பொல்லாத முதலாம் வகுப்பு மருந்துகளை 1995 இலயே நிப்பாட்டினவை, எண்டோசல்பானை 1998 இல, பரக்குவாட் எண்ட களைகொல்லியையும் பிறகு கொஞ்சம் கொஞ்சமா இல்லாமல் பண்ணினவை, அதால எத்தினையோ உயிர் தப்பியிருக்கு. ஆனா தலைச்சுத்து, கண் எரிவு, கை விறைப்பு ஆரும் கணக்கெடுக்கிறேல்லை.

புகையிலையையும் மறக்காதேங்கோ. பனியில நனைஞ்ச இலையை வெட்டிச் சுமந்தா இலையில இருக்கிற நிக்கொட்டின் தோலுக்கால உள்ள போய் சத்தி, தலையிடி, தலைச்சுத்து வரும், ஒண்டு ரெண்டு நாளில மாறிடும். பச்சைப் புகையிலை நோய் எண்டு உலகம் முழுக்கத் தெரிஞ்ச விசயம் இது, இங்க வெயில் பட்டிட்டுது எண்டு தேசிக்காய்த் தண்ணி குடுத்து விட்டிடுவினம். உங்கட கேள்வியில "இலை நனைஞ்சிருந்ததோ" எண்டு ஒண்டு சேருங்கோ, அதில பிடிபடும்.

வயலும் இருக்கு. 2024 மார்கழியில வெள்ளத்துக்குப் பிறகு வடமராட்சிப் பக்கம் காய்ச்சல் வந்து ஆக்கள் செத்து எல்லாரும் என்ன காய்ச்சலெண்டு தெரியாமல் பதறினது, கடைசியில எலிக்காய்ச்சல் எண்டு உறுதியாச்சு, வயலுக்குப் போறவைக்கு டொக்சிசைக்கிளின் குளிசை குடுத்தவை. சேத்துக்க காலில புண்ணோட இறங்கிற ஆளுக்கு அது தொழில்நோய்தானே. தொழில்நோய் எண்ட பேரில எழுதினாத்தான் அடுத்த மாரிக்கு முந்தி குளிசை தேடி வரும்.

குருநகர்_கரை:

கடல் எண்டவுடன எல்லாரும் வள்ளம் கவிழுறதைத்தான் நினைப்பினம். கடலட்டை எடுக்கச் சிலிண்டரோட கடலுக்கடியில குளிக்கிறவையைத் தனியா எடுங்கோ. 10 மீற்றர் கீழ போனாலே அமுக்கம் ரெண்டு மடங்கு, அங்க நைதரசன் உடம்புக்க கரைஞ்சு நிக்கும், கெதியா மேல வந்தா அது குமிழியா வெளிக்கிட்டு மூட்டு நோவில தொடங்கி கால் வழங்காமல் போற மட்டும் கொண்டு போகும். ஒரே நாளில திருப்பித் திருப்பிக் குளிச்சா இன்னும் மோசம். கனபேர் மூட்டுப் பிடிப்பு எண்டு எண்ணெய் போட்டுக்கொண்டு திரியினம், அதோடயே அடுத்த நாளும் குளிக்கினம். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எத்தினை தரம், மேல வர எவ்வளவு நேரம் எடுத்தது, இந்த நாலும் கேளுங்கோ. மற்றக் கடல்தொழிலாளரோட கலந்து ஒரே தொழிலா எழுதினா இவையின்ர வருத்தம் உள்ளுக்க மறைஞ்சு போயிடும்.

மெல்பேர்ண்_அண்ணை:

மேசன் வேலை எண்டு ஒரே பெட்டிக்க போடாதேங்கோ தங்கச்சி. சீமெந்து குழைக்கிறவருக்கு கை வெடிக்கிறது அதில இருக்கிற குரோமியத்தால, அதுக்காகத்தான் ஐரோப்பாவில 2005 இல இருந்து சீமெந்தில குரோமியத்துக்கு அளவு போட்டு வச்சிருக்கினம். ஆனா கிறைண்டரால கிறனைற்றும் ரைல்சும் வெட்டுறவருக்கு வாறது நுரையீரல்ல. அந்தத் தூசில சிலிக்கா இருக்கு, அதால வாற சிலிக்கோசிஸ் எண்ட நுரையீரல் வருத்தம் வந்தா மாத்த மருந்தில்லை. இங்க அவுஸ்திரேலியாவில குசினி மேசைக்குப் போடுற செயற்கைக் கல்லை 2024 ஆடி முதலாம் திகதியில இருந்து தடை செய்திட்டினம், அந்தக் கல்லில சிலிக்கா 90 வீதத்துக்கு மேலயும் இருக்கும், இளம் பெடியள் நுரையீரல் போய் நிண்டவங்கள். ஊரில இப்ப எல்லா வீட்டிலயும் கிறனைற்று, வெட்டுற பெடியன் வாயில லேஞ்சியைக் கட்டிக்கொண்டு நிக்கிறான், அது அந்தத் தூசை மறிக்காது. தண்ணி ஊத்தி வெட்டினாலே தூசு நல்லாக் குறையும். வெட்டுறது தண்ணி ஊத்தியோ ஊத்தாமலோ எண்டு கேட்டு எழுதுங்கோ.

கோண்டாவில்_பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி, வாசிக்க வாசிக்க என்ர திட்டமே மாறிப்போச்சு. அஞ்சையும் மேலால பாக்காமல் சீவலையும் கல்லு வெட்டிற வேலையையும் ஆழமா எடுத்து, கடைப் பிள்ளையளை ஒப்பிடுறதுக்கு வைப்பம் எண்டு யோசிக்கிறன். தொழிலை விட்டவையையும் சேர்க்கப் போறன். நெறிமுறைக் குழுவுக்கு எழுதேக்க ஒரு பயம் இருக்கு, வேலை குடுக்கிறவருக்குத் தெரிஞ்சா அவையின்ர வேலை போயிடுமோ எண்டு.

லேபர்_ஒப்பீஸ்_பழசு:

அந்தப் பயம் நியாயம் மகள். வேலைத்தளத்தில வச்சுக் கேளாதேங்கோ, வீட்டில கேளுங்கோ, பேரையும் முதலாளி பேரையும் படிவத்தில எழுதாதேங்கோ.

கடைப் பிள்ளையளை சும்மா ஒப்பிடுறதுக்கு எண்டு வைக்காதேங்கோ, அவைக்கும் வருத்தம் இருக்கு. 1954 ஆம் ஆண்டுச் சட்டப்படி கடையில கிழமைக்கு 45 மணித்தியாலம்தான் சாதாரண வேலைநேரம், டவுனில பொழுதுபட்டாப் பிறகும் நிக்கிற பிள்ளையளைக் காணுறம். கிழமைக்கு 55 மணித்தியாலமும் அதுக்கு மேலயும் வேலை செய்யிறவைக்கு, 35 தொடக்கம் 40 மணித்தியாலம் செய்யிறவையை விடப் பக்கவாத ஆபத்து 35 வீதம் கூட எண்டு உலக சுகாதார அமைப்பும் தொழில் அமைப்பும் சேர்ந்து 2021 இல சொல்லியிருக்கினம். இருக்கக் கதிரை குடுத்திருக்கினமோ, மூத்திரம் பெய்யப் போக விடுகினமோ எண்டும் கேளுங்கோ, பொம்பிளைப் பிள்ளையள் உதுக்குப் பயந்து தண்ணி குடிக்காமல் நிக்கிறவை.

நட்டஈட்டைப் பற்றியும் ஒரு பகுதி வையுங்கோ. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டில இருந்து இருக்கு, 2022 திருத்தத்தில உச்சத் தொகையை ஐந்தரை லட்சத்தில இருந்து 20 லட்சம் ஆக்கி, வேலைக்குப் போய்வாற வழியில நடக்கிற விபத்தையும் சேர்த்தவை. ஆனா சட்டம் வேலை குடுக்கிறவர் ஒருவர் இருக்கிற தொழிலாளிக்கு. கல்லு வெட்டுற பெடியன் பாசுக்குக் கீழ சம்பளத்துக்கு நிண்டா கேக்கலாம், அது தெரியாமல் கைச்செலவுக்குக் குடுத்த காசோட வீட்டுக்குப் போறவை கனபேர். தன்ர பாட்டில மரம் ஏறுறவருக்கு உந்த வழி இல்லை. உங்கட ஆய்வில ரெண்டு கூட்டமும் அக்கம்பக்கமா நிக்குது, காயத்துக்குப் பிறகு ஆருக்கு எவ்வளவு காசு வந்தது, எத்தினை மாதம் வருமானம் இல்லை, வீட்டில ஆர் வேலைக்குப் போகத் தொடங்கினது எண்டு கேளுங்கோ.

வாட்டு_அக்கா:

கடைசிக் கேள்வியை மனுசியிட்டத் தனியாக் கேளுங்கோ தங்கச்சி. புருசன் பக்கத்தில இருந்தா அவை சொல்ல மாட்டினம். படிவத்தை முதல்ல எனக்கு அனுப்புங்கோ, வாட்டில என்னோட நிண்ட ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு இருந்து வாசிச்சுப் பாத்துச் சொல்லுறன்.