புதுப்பிப்பு: பூமரக் காலண்டரை அச்சடிக்கிறேன்

போன மாதம் கேட்டிருந்தேன்: கையில் 15,000 ரூபாய்தான், பெங்களூர்ப் பூமரப் படங்களை நானே காலண்டராகப் போடலாமா என்று. போடுகிறேன். ஆனால் முதலில் நினைத்த 500 பிரதி இல்லை, 60 மட்டும்.

அச்சகங்கள் இருக்கும் சுல்தான்பேட்டையில் விசாரித்தேன். ஆஃப்செட்டில், அதாவது உலோகத் தகடு (பிளேட்) செய்து அடிக்கும் முறையில், எத்தனை பிரதி அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றுதான். குறைந்த எண்ணிக்கைக்குக் கட்டாது. பிளேட் இல்லாமல் கணினியிலிருந்து நேராக அடிக்கும் டிஜிட்டலில், வைரோ பைண்டிங்கோடு (கம்பிச் சுருள் கட்டு) ஒன்று 210 ரூபாய்.

மாதிரித் தாளைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்துவிட்டது. கப்பன் பூங்கா ஜகரண்டாவின் ஊதா, சாம்பல் பூத்துக் கிடந்தது. திரையில் சிவப்பு, பச்சை, நீல ஒளி கலந்து வரும் ஆர்ஜிபி நிறங்கள் எல்லாம், அச்சில் நான்கு மைகள் கலக்கும் சிஎம்ஒய்கேயில் வராது. திருத்தி மறுபடி அடித்ததும்தான் மரத்தடியில் நின்ற மாதிரி இருந்தது.

ஏ3 அளவில் 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3508 x 4961 பிக்சல் வேண்டும். அவ்வளவு இல்லாத பழைய போன் படங்கள் இரண்டை மனசே இல்லாமல் எடுத்துவிட்டேன்.

காலண்டர் வேண்டுபவர்களிடம் முன்பணம் வாங்கச் சொன்ன அல்சூர் அக்காவுக்கு நன்றி. இதுவரை 41 பேர் கொடுத்திருக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமி கேட்டீர்களே, சேர்த்தாயிற்று.