திருகோணமலையில நல்ல பீட்சா எங்கை? அடியைத் திருப்பிப் பாத்திட்டுச் சொல்லுங்கோ

உவர்மலையான்

உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் ஒழுங்கைக்குள்ள இருக்கிற, விறகுப் போறணையில (அவனில) பீட்சா சுடுற கடை. போறவைக்குத் தெரியும், பேர் வேண்டாம். சனிக்கிழமை இரவு எட்டு மணி, கதிரை இல்லை. மேசைக்கு வந்த பீட்சாவின்ரை விளிம்பு நல்லா ஊதி, கறுப்புப் புள்ளி விழுந்து, குறை சொல்ல ஒண்டும் இல்லை. ஒரு துண்டைத் தூக்கினால் நுனி அப்பிடியே தொங்கி, சீஸும் தக்காளியும் வழுக்கித் தட்டில விழுந்திட்டுது. திருப்பிப் பாத்தால் அடி வெள்ளை. பச்சை மாவின்ரை வெள்ளை. இதே கடையில பின்னேரம் ஆறு மணிக்கு அடி சிறுத்தைத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாச் சிவந்திருக்கும். ஒரே ஆள், ஒரே மா, ஒரே போறணை. இடையில ரெண்டு மணித்தியாலத்தில என்ன நடக்குது?

போறணைத்தம்பி

தளம் ஆறுது, வேற ஒண்டும் இல்லை. போறணைக்குள்ள ரெண்டு சூடு இருக்கு. கூரையாலையும் சுவாலையாலையும் மேலயிருந்து விழுறது ஒண்டு, கல்லுத் தளத்தில இருந்து ஏறுறது மற்றது. ஒரு விறகு வைச்சால் சுவாலை ரெண்டு நிமிசத்தில எழும்பும், விளிம்பு ஊதும், வந்த சனம் படம் எடுக்கும். கல்லு அப்பிடி உடனை ஏறாது. ஈர மா ஒவ்வொண்டும் அதின்ரை சூட்டைக் குடிச்சிட்டுத்தான் போகும். முதல் வட்டு (பீட்சா) விழேக்கை 380 பாகை செல்சியஸில இருந்த கல்லு, அதே இடத்தில பத்து வட்டு விழுந்தால் 300க்குக் கீழ இறங்கிடும். மேல வெந்திட்டுது எண்டு நினைச்சு வெளிய எடுப்பினம், அடி இன்னும் தொடங்கேல்லை.

நாலு வட்டுக்கு ஒருக்கால் இடம் மாத்த வேணும். இருவது போனால் ஓடர் எடுக்கிறதை நிப்பாட்டி, தணலை இழுத்துத் தளம் முழுக்கப் பரப்பி, பத்து நிமிசம் விட்டு, திரும்ப ஓரத்துக்குத் தள்ளிச் சாம்பலைக் கூட்ட வேணும். சனம் காத்துக்கொண்டு நிக்கேக்கை எந்த முதலாளி பத்து நிமிசம் விடுவார்? அதுதான் உங்கடை வெள்ளை அடி.

சூடு பாக்கிற கருவி இல்லாட்டி ஒரு சிட்டிகை மாவை உள்ள எறிஞ்சு பாக்கலாம். விழுந்த உடனை கறுத்தால் சூடு கூட. சில செக்கனில மண்ணிறமாகினால் சரி. அரை நிமிசமாகியும் வெள்ளையாக் கிடந்தால் வட்டைப் போடக் கூடாது. பீட்சாவுக்குப் பேர்போன இத்தாலி நகரம் நேப்பிள்ஸ்; அங்கத்தைக்காரர் தளத்தை 380 இல இருந்து 430 பாகை வரை வைச்சு 60 இல இருந்து 90 செக்கனுக்குள்ள எடுத்திடுவினம். அந்த வேலையை 2017இல யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில சேத்தது சும்மா இல்லை.

மடத்தடி

உப்புவெளி, நிலாவெளி எண்டு வெள்ளைக்காரர் போற கடையை மட்டும் கதைக்கிறியள். டவுனுக்குள்ள பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில பின்னேரம் நாலு மணிக்கு வாற சதுரப் பீட்சாவை ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை? மேல சொசேஜ் வட்டம், வெங்காயம், கொஞ்சம் சீஸ், சில கடையில கீழ ஒரு படை சீனிச் சம்பல் (சீனி போட்டு வதக்கின வெங்காயச் சம்பல்). சூடாத் தாள்ச் சரையில சுத்தித் தரேக்கை எண்ணெய் தாளில ஊறும் பாருங்கோ, அந்த வாசம் ஒண்டு காணும்.

அந்த அடி ஒரு நாளும் வெள்ளையா இருக்காது. தட்டில எண்ணெய் பூசிச் சுடுறதால அடி பொரியும். சீனிச் சம்பலை மேல போட்டால் சீனி கருகிக் கைக்கும், அதாலதான் சீஸுக்குக் கீழ வைக்கிறது.

போறணைத்தம்பி

அது பணிஸ் மா, மடத்தடி அண்ணை. சீனியும் மாஜரினும் போட்டுக் குழைச்சது. ருசி இல்லை எண்டு சொல்லேல்லை, ஆனால் அது வேற சாமான். பாண் போறணையும் வேற. அதில விறகை உள்ள எரிச்சு, தணலை வெளிய இழுத்து, ஈரச்சாக்கால தளத்தைத் துடைச்சு, சூடு சமனாகும் வரை மூடி வைச்சு, பிறகுதான் மா உள்ள போகும். இறங்குற சூட்டில பாண் வேகும். பீட்சாவுக்கு நெருப்பு உள்ளயே ஒரு ஓரத்தில எரிஞ்சுகொண்டு இருக்க வேணும். தணலை இழுத்த போறணையில வட்டைப் போட்டால் முதல் ரெண்டும் அடி கருகும், மிச்சம் மேல வெளிறும்.

கிண்ணியாத் தயிர்

தளம் தளம் எண்டு கதைக்கிறீங்க, தண்ணிய மறந்துட்டீங்க. நிலாவெளி ரோட்டுல ஒரு கடையில எருமைப்பால் சீஸ் எண்டு எழுதி வெச்சிருந்தாங்க. வந்தது வட்டுக்கு நடுவுல ஒரு வெள்ளைக் குளம். கரண்டியால அள்ளலாம். பக்கத்து மேசைப் புள்ள ஒண்டு அதுல பாணைத் தொட்டுத் திண்டிச்சு.

அது தயிரை வடிச்சுப் போட்டது. நம்ம பக்கத்து எருமைத் தயிருக்கு ஈடு இல்ல, ஆனா அது மொஸரெல்லா ஆகாது. தயிர் நல்லாப் புளிச்சு பிஎச் (புளிப்பு அளவு, குறையக் குறையப் புளிப்புக் கூட) 4.6 கிட்ட இறங்கிடும், பால்புரதத்தைக் கோத்து வைக்கிற கல்சியம் கரைஞ்சு மோர்த் தண்ணியோட போயிடும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் இழுபடாது, உதிரும். மொஸரெல்லாவுக்குப் பாலை ரெனட் (பாலை உறைய வைக்கிற நொதி) போட்டு உறைய வெச்சு, பிஎச் 5.2 கிட்ட வரக்குள்ள சுடுதண்ணியில போட்டு இழுக்கணும். இத்தாலியிலயும் அத எருமைப்பால்லயும் பண்றாங்க, அதனால பால்ல குறை இல்ல. புளிப்ப எங்க நிப்பாட்டுறது எண்டதுலதான் விசயம்.

புது மொஸரெல்லாவ அரை விரல் தடிப்புக்கு வெட்டி, வடிதட்டுல நாலு மணித்தியாலமாவது குளிர்ப்பெட்டியில வடிய விடணும். 12 அங்குல வட்டுக்கு 80 கிராம் போதும். பைக்கற்றுல வர்ற ஈரம் குறைஞ்ச மொஸரெல்லா எண்டா 100 தொடக்கம் 120. துருவின பைக்கற்ற விடக் கட்டியா வாங்கித் துருவுறது நல்லம், ஏனெண்டா துருவினதுல ஒட்டாம இருக்க ஒரு மா தூவி இருக்கும், அது உருகி ஒண்டாச் சேர விடாது. செடர் மட்டும் போட்டா எண்ணெய் கக்கும். முக்கோணச் சீஸ் எண்டா சொல்லவே வேணாம்.

கச்சான்காத்து

ஆடி மாசம், அலஸ்தோட்டத்தில ஒரு பீட்சாக் கடை. மா தட்டுறவர் உருண்டையை எடுத்து விரிக்கேக்கை நடுவில கோடு கோடாய் வெடிச்சுக் கிழிஞ்சுது. மூண்டு உருண்டை அடுத்தடுத்துக் கூடைக்குள்ள. மனுசன் மாவைப் பேசிறார். சீனக்குடாவில பிறிமா கோதுமை மா ஆலையை வைச்சுக்கொண்டு மாவைக் குறை சொல்ற ஊர் இது ஒண்டாத்தான் இருக்கும். பிழை காத்தில. கச்சான் (காஞ்ச தென்மேற்குக் காத்து) வீசேக்கை மூடாத உருண்டை பத்து நிமிசத்தில தோல் கட்டும், அந்தத் தோல் நீளாது, கிழியும்.

கேட்டியளோ இல்லையோ, அளவு சொல்லுறன். பாண் மா 1 கிலோ, தண்ணி 600 கிராம், உப்பு 25 கிராம், உடனடி ஈஸ்ட் 2 கிராம். வெக்கை நாளில தண்ணியை ஐஸ் போட்டுக் குளிராக்குங்கோ. குழைச்சு முடியேக்கை மா 24 பாகைக்குக் கிட்ட இருக்க வேணும். 30 ஐத் தாண்டினால் அண்டைக்கே பொங்கி, அடுத்த நாள் புளிச்சுச் சளிஞ்சுபோம். குழைச்ச மாவை ஒரு மணித்தியாலம் வெளியில விட்டு, 270 கிராம் படி ஆறு உருண்டை பிடிச்சு, எண்ணெய் தடவின மூடிப் பெட்டியில 24 மணித்தியாலம் குளிர்ப்பெட்டிக்குள்ள வையுங்கோ. எடுத்து ஒண்டரை மணித்தியாலம் மூடினபடியே விட்டிட்டுத்தான் தட்ட வேணும். நேர குளிரில இருந்து எடுத்துத் தட்டினால் ரப்பர் மாதிரிச் சுருங்கும், பிறகு உருளைக்கட்டையைத் தேடுவியள், விளிம்பில இருக்கிற காத்தெல்லாம் போம். வாடை (வடகீழ்க் காத்து) தொடங்கி மழை பிடிச்சால் மாவே ஈரம் இழுத்திருக்கும், தண்ணியில 20, 30 கிராம் குறையுங்கோ. தள்ளுற பலகையில மாவுக்குப் பதில் ரவை. மா கூடினால் தளத்தில கருகி அடி கைக்கும்.

ரொறன்ரோவில ஒரு கோணேசபுரியான்

விறகுப் போறணை இல்லாத கடையளை ஏன் தள்ளுறியள்? டவுனில காஸ் அவன் வைச்சிருக்கிறவை நேப்பிள்ஸைப் பாத்துப் பண்ணினால் வெளிறி, சப்பேலாமல்தான் வரும், ஏனெண்டால் அந்த அவன் அனேகமா 300 பாகைக்கு மேல ஏறாது. அவை பாக்க வேண்டியது நியூயோர்க்கை. அங்கை மூலைக்கு மூலை துண்டு விக்கிற கடையளில அனேகமானது காஸ் அவன்தான், ஒரு வட்டுக்கு ஆறேழு நிமிசம். அவ்வளவு நேரம் நிண்டால் மா காயும், அதாலதான் ஒரு கிலோ மாவுக்கு 20, 30 கிராம் எண்ணெயும் 10, 20 கிராம் சீனியும் சேர்க்கிறது. எண்ணெய் மெதுமை தரும், சீனி குறைஞ்ச சூட்டிலையும் சிவக்க வைக்கும். இதே மாவை விறகுப் போறணையில போட்டால் கருகும். கடை மாறேக்கை மாவும் மாற வேணும்.

திருக்கடலூர்

கடல் சாமானை ஒருத்தரும் தொடேல்லை. கணவாயைப் பச்சையா மேல போட்டுச் சுட்டுத் தந்தினம். தண்ணி விட்டுது, ஆறு நிமிசத்தில றப்பர் வளையமும் ஆச்சுது. கணவாயை மெல்லிசா வெட்டிக் கொதிக்கிற உப்புத் தண்ணியில 40 செக்கன் போட்டெடுத்து, துணியில ஒத்தி, சீஸ் உருகத் தொடங்கினாப் பிறகு மேல வைக்க வேணும். நெத்தலிக் கருவாட்டை அன்சோவி எண்டு போடுறவைக்கு ஒரு சொல்லு: அன்சோவி உப்பில ஊறிப் பதமானது, எங்கடை நெத்தலி வெயிலில காஞ்சது. நெத்தலியைப் பொரிச்சு, பீட்சாவைச் சுட்டு எடுத்தாப் பிறகு தூவினால் நல்லா இருக்கும். உள்ள வைச்சால் கரிதான்.

உவர்மலையான்

பாசலைப் பற்றியும் ஆரும் சொல்லுங்கோ. உப்புவெளியில இருந்து உவர்மலைக்கு ஓட்டோவில வாறதுக்குள்ள அடி நனைஞ்ச மட்டை.

போறணைத்தம்பி

ஆவி. கம்பித் தட்டில ரெண்டு நிமிசம் ஆற விட்டுப் பெட்டியில வைக்கச் சொல்லுங்கோ, மூடியின்ரை ஒரு பக்கத்தைத் திறந்து பிடியுங்கோ. வீட்டை வந்து மைக்ரோவேவ் வேண்டாம். தடிச்ச தாச்சியை மிதமான நெருப்பில காய விட்டு, எண்ணெய் இல்லாமல் துண்டை வைச்சு, ரெண்டு நிமிசத்தில அடி மொறுகினாப் பிறகு தாச்சி ஓரத்தில நாலு சொட்டுத் தண்ணி விட்டு மூடுங்கோ. அந்த ஆவியில சீஸ் இளகும். ஒரு நிமிசம் போதும்.

உவர்மலையான்

நேற்று ஏழரைக்குப் போய், சுடுற தம்பியிட்டைத் தணலைப் பரப்பச் சொல்லிக் கேட்டாச்சு. ஒரு மாதிரிப் பாத்தார். பிறகு முதலாளி நிக்கிறாரோ எண்டு திரும்பிப் பாத்திட்டுக் கம்பியை எடுத்தார். பதினொரு நிமிசம். அடி சிவப்பு, நுனி தொங்கேல்லை. பின்னால நிண்ட மூண்டு பேர் கொத்துக் கடைக்குப் போயிட்டினம்.