புதுப்பிப்பு: சுங்குடிப் புள்ளி வடிவத்தில் இணைப்புக் கோடு – தீர்ந்தது

சுங்குடிச் சேலைப் புள்ளிகளை கிரே-ஸ்காட் முறையில் (இரண்டு வேதிப்பொருள்கள் பரவி, வினைபுரிந்து வடிவம் உண்டாக்குவதைக் கட்டம் கட்டமாகக் கணக்கிடுவது) கணினியில் வளரவிட்டு, அந்தச் சதுரத்தை அடுத்தடுத்து வைத்தால் இணைப்பில் கோடு விழுகிறது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் நன்றி.

கணக்கிடும்போது வலது ஓரத்துக்கு அண்டைக் கட்டமாக இடது ஓரத்தையே எடுங்கள், அதேபோல் மேல் ஓரத்துக்குக் கீழ் ஓரத்தை என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் வேலை செய்தது. ஓரத்தை மங்கலாக்கிப் பார்த்ததில் அங்கே மட்டும் புள்ளிகள் நசுங்கின.

தேடி வருபவர்களுக்கு: முதல் பொருளின் ஊட்டம் (feed) 0.0367, இரண்டாம் பொருளின் நீக்கம் (kill) 0.0649, பரவல் வேகம் முதல் பொருளுக்கு 1.0, இரண்டாவதுக்கு 0.5. இதில் ஒவ்வொரு புள்ளியும் நீண்டு, நடுவில் சிறுத்து, செல் பிரிவதைப் போலவே இரண்டாகும், இடம் நிறையும்வரை. 1952-ல் கணிதவியலாளர் ஆலன் டூரிங் எழுதிய கணக்கின் வழிவந்தது இது, பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

எதிர்பாராத ஒன்று, புள்ளிகள் நேர்வரிசையில் நிற்பதில்லை. ஒன்றைச் சுற்றிப் பெரும்பாலும் ஆறு. கையால் முடிச்சுப் போட்ட சேலையின் கட்டவரிசை வேண்டுமென்றால் இந்த முறை தானாகத் தராது, ஆனால் எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

அப்புறம், புள்ளிகளின் சாம்பல் நிற ஓரம் ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் பிடிக்காது என்று மதுரையில் அச்சடிக்கும் அண்ணன் சொன்னார். இரண்டாம் பொருளின் அளவு 0.2-க்கு மேல் இருந்தால் கருப்பு, மற்றதெல்லாம் வெள்ளை என்று மாற்றிக் கொடுத்ததும் துணியில் சுத்தமாக விழுந்தது.